பழைய ஏரிகளின் படிவுகள்: எது மழையின் வேலை, எது நிலத்தின் வேலை?

"ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஏரிப் படிவு கிடைத்தது; அக்காலத்தில் அங்கே மழை செழித்திருந்தது." இப்படியான செய்திகள் அடிக்கடி வருகின்றன. கிடைத்தது உப்புப் படுகை என்றால் தலைப்பு "கடும் வறட்சி" என்று மாறும். ஏரிச் சேற்றைப் பார்த்தவுடன் மழைக்கணக்கு சொல்லும் இந்தப் பழக்கம் பாதிதான் சரி. மழை ஒரு துளியும் கூடாமலே ஓர் உப்பேரி நன்னீர் ஏரியாக மாறலாம். மழை குறையாமலே ஒரு நன்னீர் ஏரியின் அடியில் உப்பு படியலாம். நிலம் நகர்ந்தாலே போதும். இரண்டின் வேலையையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் ஏரிப் படிவியலின் மையக் கேள்வி. அதற்கு உலகிலேயே நன்றாக ஆராயப்பட்ட பாடம் அமெரிக்காவின் வயோமிங், யூட்டா, கொலராடோ மாநிலங்களில் கிடக்கும் கிரீன் ரிவர் பாறைத்தொகுதி.

குழி, கலிங்கு, வரத்து

மூன்று விஷயங்கள் பிடிபட்டால் மற்றவை எல்லாம் அவற்றிலிருந்தே வரும்.

1. குழி. பனியாறும் நிலச்சரிவும்கூட ஏரிகளை உண்டாக்கும். ஆனால் அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் தூர்ந்துபோகும். நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குப் படிவு சேர வேண்டுமென்றால், வண்டல் விழ விழத் தரையும் கீழே இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அத்தனை நீண்ட காலம் தரையை இறக்கும் வேலையைப் பெரும்பாலும் நிலத்தட்டு இயக்கமே செய்கிறது.

2. கலிங்கு. எவ்வளவு மழை பெய்தாலும் ஊர்க் கண்மாய் கலிங்கு மட்டத்துக்கு மேல் தேங்காது, மறுகால் பாய்ந்துவிடும். இயற்கை ஏரிக்கும் விளிம்பில் எங்கோ ஒரு தாழ்ந்த இடம் உண்டு. அதுதான் அதன் கலிங்கு. குழியின் தரையிலிருந்து கலிங்கு மட்டம் வரை உள்ள கொள்ளளவை 'இடவசதி' என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவை முடிவு செய்வது நிலம்.

3. வரத்து. ஆறு கொண்டுவரும் தண்ணீர், வண்டல் இரண்டும் சேர்ந்தது. ஆவியாகிப் போவதைத் தண்ணீரில் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கில் காலநிலையின் கை ஓங்கியிருக்கிறது.

கடலோரப் படிவுகளைப் படித்துப் பழகியவர்கள் ஏரிக்கு வந்ததும் தடுமாறுவது இங்கேதான். கடல்மட்டம் உயர்வதற்கும் ஓர் ஆறு கொண்டுவரும் மணலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஏரியில் தண்ணீரும் வண்டலும் ஒரே ஆற்றில் வருவதால், மட்டம் உயரும் காலமே பெரும்பாலும் வண்டல் கூடும் காலமாகவும் இருக்கும். மேலும் கடலுக்குக் கலிங்கு கிடையாது. ஏரி கலிங்கைத் தொட்டதும் அதன் மட்டம் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு மழை இரு மடங்கானாலும் படிவில் மட்ட உயர்வு தெரியாது. வெளியேறும் ஆற்றில்தான் தெரியும்.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். கிரீன் ரிவர் தொகுதியின் ஒரு பிரிவில் 300 மீட்டருக்கும் மேலான படிவு 20 லட்சம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் சேர்ந்தது. சராசரி, ஆண்டுக்கு 0.2 மி.மீ. அளவு, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சாண். அதே ஆயிரம் ஆண்டில் காலநிலை ஓர் ஏரியைப் பல பத்து மீட்டர் ஏற்றி இறக்கிவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி இதற்கு நல்ல சாட்சி. இன்று அதன் ஆழம் சுமார் 700 மீட்டர். 2005-இல் அதன் அடியில் துளையிட்டு எடுத்த படிவுகளின்படி, 1,35,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் சில கட்டங்களில் அதன் மட்டம் இன்றையதைவிட 600 மீட்டராவது தாழ்ந்திருந்தது. பழங்காலத்துக்கே போக வேண்டியதும் இல்லை. 1915 முதல் 1930-களின் நடுப்பகுதி வரை அந்த ஏரி கலிங்கைத் தாண்டவே இல்லை. அதிலிருந்து கிளம்பும் ஷிரே ஆற்றுக்குத் தண்ணீர் போகவில்லை.

நிலம் செய்யும் வேலைகள்

பெரிய, ஆழமான, நீண்ட ஆயுள் கொண்ட ஏரிகள் பல, நிலம் இழுபட்டுப் பிளந்து இறங்கிய பிளவுப் பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. பைக்கால் (ஆழம் சுமார் 1,640 மீட்டர்), டாங்கனிக்கா (சுமார் 1,470 மீட்டர்) இரண்டும் இந்த வகை. இவற்றின் அடியில் படிவே கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது.

இந்தக் குழிகள் இரு பக்கமும் ஒரே அளவில் இறங்குவதில்லை. ஒரு பக்கம் செங்குத்தான பெரும் பிளவு. அந்தப் பக்கமாகத் தரை சாய்ந்து இறங்குகிறது. எதிர்ப்பக்கம் மெல்லிய சரிவு. இந்தச் சாய்வு எந்தப் படிவு எங்கே விழும் என்பதையே தீர்மானித்துவிடுகிறது. பிளவுப் பக்கம் ஆழமான நீர். மலையிலிருந்து நேரே உருண்டுவரும் உருளைக்கற்களும் கரடுமணலும் குறுகிய விசிறிகளாகக் கொட்டி, சில கிலோமீட்டருக்குள் மெல்லிய களிமண்ணாக மாறிவிடும். சரிவுப் பக்கம் ஆழம் குறைந்த நீர், அகன்ற டெல்டாக்கள், மணல் வராத இடங்களில் சுண்ணாம்புத் திட்டுகள். ஏரி பத்து மீட்டர் இறங்கினால் பிளவுப் பக்கக் கரை அநேகமாக அசையாது; சரிவுப் பக்கக் கரையோ கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும். ஆகவே ஒரே ஏரியில் இரண்டு இடங்களில் துளையிட்டால் இரண்டு வேறு காலநிலைக் கதைகள் கிடைக்கும். ஒற்றைத் துளையை வைத்துக்கொண்டு கண்டம் முழுவதற்கும் மழை வரலாறு எழுதும் கட்டுரைகளைச் சற்றுத் தள்ளிவைத்துப் படிப்பது நல்லது.

நிலத்தின் இரண்டாவது வேலை கலிங்கை ஏற்றுவதும் இறக்குவதும். மூன்றாவது, நீர்பிடிப்பு வட்டாரத்தை மாற்றுவது: ஒரு மேடு எழுந்தால் ஆறு வேறு பக்கம் திரும்பும், பக்கத்துப் படுகையின் ஆறு இங்கே வந்து விழவும் செய்யும். செய்திகளில் அநேகமாக இடம்பெறாதது இந்த மூன்றாவது வேலைதான். ஏரியின் குணத்தைத் திடீரென்று மாற்றுவதில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

காலநிலை செய்யும் வேலைகள்

பருவம் மாறுவதே படிவில் பதியும். கோடையில் பாசி பெருகி மடிந்து ஒரு கரும் படலம். நீரின் வேதியியல் மாறுவதால் வெண்ணிறக் கார்பனேட் ஒரு படலம். வெள்ளக் காலத்தில் களிமண் ஒரு படலம். அடியில் ஆக்சிஜன் இல்லையென்றால் புழு, நண்டு எதுவும் கிளறாது; படலங்கள் கலையாமல் நிற்கும். ஓர் ஆண்டின் படலங்கள் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஆவியாதல் வரத்தை மிஞ்சும்போது உப்புகள் ஒரு வரிசையில் படியும். முதலில் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட். இந்த இடத்தில் ஒரு பிரிவழி உண்டு. கால்சைட் படியக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். நீரில் எது அதிகமாக இருந்ததோ அது மிஞ்சும், மற்றது தீர்ந்துபோகும். கால்சியம் மிஞ்சினால் அடுத்து ஜிப்சம், அதன்பின் சாதாரண உப்பான ஹாலைட். பைகார்பனேட் மிஞ்சினால் நீர் காரமாகி, சோடியம் கார்பனேட் உப்புகளான ட்ரோனா, நாக்கோலைட் போன்றவை படியும். எது மிஞ்சும் என்பது ஆறு எந்தப் பாறைகளைக் கழுவி வருகிறது என்பதைப் பொறுத்தது. எரிமலைப் பாறைகளைக் கழுவிய நீரில் பைகார்பனேட் மிஞ்ச வாய்ப்பு அதிகம். ஆக, எவ்வளவு உப்பு என்பதில் காலநிலைக்குப் பெரும்பங்கு. எந்த உப்பு என்பதில் நிலத்துக்குப் பெரும்பங்கு. "ட்ரோனா இருக்கிறது, ஜிப்சம் இல்லை, ஆகவே வறட்சி குறைவு" என்ற வாதம் அடிப்படையிலேயே தவறு.

நாக்கோலைட் இன்னொரு செய்தியும் சொல்கிறது. அது படியக் காற்றில் கரியமில வாயு நிறைய இருக்க வேண்டும். கொலராடோவின் பிசான்ஸ் படுகையில் அது ஹாலைட்டோடு சேர்ந்து படிந்திருப்பதை வைத்து, அக்காலக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,125 பங்குக்கு மேல் இருந்தது என்று 2006-இல் கணித்தார்கள். பின்னர் நடந்த ஆய்வகச் சோதனைகள் இந்தக் குறைந்தபட்ச வரம்பை 680-க்கு இறக்கின. இன்றைய அளவு 420-ஐத் தாண்டியிருக்கிறது.

மூன்று வகை ஏரிகள்

குழி வளரும் வேகத்தையும் வரத்தின் வேகத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், பழைய ஏரிகள் மூன்று வகையாகப் பிரியும். ஆலன் கேரல், கெவின் போஹாக்ஸ் என்ற இரு நிலவியலாளர்கள் 1999-இல் இதைத் தெளிவாக வகுத்தார்கள்.

1. எப்போதும் மறுகால் பாயும் ஏரி. வரத்து இடவசதியை மிஞ்சுகிறது. நீர் நன்னீராகவே இருக்கும், மட்டம் பெரிதாக அசையாது. டெல்டாக்கள் கரையிலிருந்து ஏரிக்குள் முன்னேறிக்கொண்டே போகும். ஆற்று மணல், நிலக்கரி, நத்தை ஓடுகள், கரைத் தாவரக் குப்பை ஆகியவை இதன் அடையாளங்கள்.

2. சில காலம் மறுகால் பாய்ந்து, சில காலம் அடைபட்டிருக்கும் ஏரி. வரத்தும் இடவசதியும் கிட்டத்தட்டச் சமம். சிறு காலநிலை மாற்றமும் மட்டத்தைப் பெரிதாக ஆட்டும். ஆழநீர்ப் படலப் பாறைகளும் கரையோரக் கார்பனேட்டுகளும் மாறி மாறி வரும். எண்ணெய் தரும் பாசிச் சேறு அதிகம் சேர்வது இந்த வகையில்.

3. கலிங்கைத் தொடாத ஏரி. குழி பெரிது, வரத்து போதாது. உப்புப் படுகைகள், வெடித்துக் காய்ந்த சேற்றுத்தரை, திடீர் வெள்ளம் விரித்த மணல் தகடுகள், இவற்றுக்கிடையே மெல்லிய பாசிச்சேறு. டெல்டா முன்னேறுவதில்லை, படிவு ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அடுக்கும்.

இந்த வகைப்பாடு ஆழத்தைப் பற்றியதல்ல. மூன்றாம் வகை என்றால் முழங்கால் அளவுத் தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. சாக்கடல் வெளியேற வழியற்ற ஏரி, ஆனால் ஆழமானது. முதல் வகை என்றால் மழை அதிகம் என்றும் பொருளில்லை. குழி சிறிதாக இருந்தால் சுமாரான மழையே அதை நிரப்பி வழியவிடும். வகையைத் தீர்மானிப்பது விகிதம். மழை அந்த விகிதத்தில் ஒரு பக்கம் மட்டுமே.

கிரீன் ரிவர்: ஒரே படுகையில் மூன்று வகையும்

ஈயோசீன் காலத்தின் முற்பகுதியில், சுமார் 5.3 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி நெருக்கப்பட்டு மலைகளாக எழும்பிக்கொண்டிருந்தது. யூயின்டா மலைகளும் விண்ட் ரிவர் மலைத்தொடரும் உயர உயர, இடையிடையே இருந்த நிலம் பள்ளங்களாக இறங்கியது. தென்மேற்கு வயோமிங்கில் கோசியூட் ஏரி. யூயின்டா மலைக்குத் தெற்கே யூட்டா, கொலராடோ பக்கம் யூயின்டா ஏரி. மேற்கே சிறியதாக ஃபாசில் ஏரி. கடைசியாகச் சொன்னதில்தான் நைட்டியா என்ற சிறு மீன்களின் புகழ்பெற்ற தொல்லெச்சங்கள் கிடைக்கின்றன.

கோசியூட் ஏரியின் படிவுகளை அடியிலிருந்து மேலாகப் பார்த்தால் இப்படி வருகிறது.

அடியில் லூமன் பிரிவு: நிலக்கரி, நத்தை ஓடுகள், ஆற்று மணல். முதல் வகை ஏரி. அதற்கு மேல் டிப்டன் பிரிவு: படலம் படலமாக எண்ணெய்க் களிப்பாறை, அதாவது பாசிச்சேறு இறுகிய பாறை. இரண்டாம் வகை. டிப்டனின் நடுவில் நீர் சட்டென்று உப்பேறுகிறது. சுற்றுப்புற நிலம் உயர்ந்து ஓர் ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டதே இதற்குக் காரணம் என்று வலுவான வாதம் இருக்கிறது.

அதற்கு மேல்தான் வில்கின்ஸ் பீக் பிரிவு, மூன்றாம் வகைக்கு உலகப் பாடநூல் உதாரணம். 1938-இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது இங்கே ட்ரோனா கண்டுபிடிக்கப்பட்டது. உலகிலேயே மிகப் பெரிய ட்ரோனா இருப்பு இதுவே. ஒரு மீட்டருக்கு மேல் தடிமனான ட்ரோனா அடுக்குகள் மட்டும் சுமார் 25. இந்தப் பிரிவு யூயின்டா மலையை நெருங்க நெருங்கத் தடிக்கிறது. மலையடியில் உருளைக்கற் படிவுகளாகவே மாறுகிறது. மலை எழுந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துத் தரை இறங்கிக்கொண்டிருந்ததற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. குழி ஆழமாகி ஏரி கலிங்கைத் தொட முடியாமல் போனது. வெயிலும் ஆவியாதலும் உப்பைப் படியவைத்தன என்பது உண்மை. ஆனால் அவை படியவைக்கும்படி ஏரியை அடைத்து வைத்தது நிலம்.

அதே வில்கின்ஸ் பீக்குக்குள் காலநிலையின் முத்திரையும் தெளிவாக இருக்கிறது. சில மீட்டருக்கு ஒருமுறை, ஏரி விரிந்தபோது களிப்பாறை, சுருங்கியபோது வெடிப்புச் சேறும் உப்பும் என்று சுழற்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இடையே ஆற்று மணலால் ஆன ஒன்பது தடித்த அடுக்குகள். பெருங்கதையை நிலம் வகுக்க, ஒவ்வொரு பக்கத்தையும் காலநிலை நிரப்பியிருக்கிறது.

இந்தச் சுழற்சிகள் குறித்து ஒரு பழைய சண்டையும் உண்டு. எண்ணெய்க் களிப்பாறை ஆழமான, அடியில் மூச்சற்ற ஏரியில் படிந்தது என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் வில்மட் பிராட்லி வழிவந்த கருத்து. 1970-களில் வேறு சிலர், உப்புத்தரைகள் சூழ்ந்த ஆழமற்ற ஏரியில்தான் அது படிந்தது என்று வாதிட்டார்கள். மூன்று வகைப் பிரிப்பு வந்தபின் இந்தச் சண்டையின் சூடு பெரிதும் தணிந்தது, ஏனென்றால் இரு தரப்பும் ஒரே தொகுதியின் வெவ்வேறு பிரிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசியிருந்தார்கள்.

வில்கின்ஸ் பீக்குக்கு மேல் லேனி பிரிவு. ஏரி மறுபடி விரிகிறது, முதலில் இரண்டாம் வகையாக. பிறகு, சுமார் 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன், படிவுகள் திடீரென நன்னீர்த்தன்மை கொள்கின்றன. கார்பனேட்டுகளில் கனமான ஆக்சிஜனின் (ஆக்சிஜன்-18) விகிதம் சில லட்சம் ஆண்டுக்குள் ஆயிரத்துக்கு 6 என்ற அளவு சரிகிறது. "மழை கூடிவிட்டது" என்று எழுதத் தூண்டும் தரவு இது. ஆனால் அதே படிவுகளில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப் (எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதமும் கூடவே மாறுகிறது. ஸ்ட்ரான்சியத்துக்கு மழை வெயில் தெரியாது. அது ஆறு கழுவிவந்த பாறையை மட்டுமே காட்டும். அதைத் தொடர்ந்து வடக்கிலிருந்து எரிமலைத் துகள் நிறைந்த மணல் டெல்டாவாக வந்து ஏரியை வடக்கிலிருந்து தெற்காக நிரப்புகிறது. விளக்கம் இதுதான்: வடமேற்கே உயர்ந்த மலைப்பகுதியில் ஓடிய ஓர் ஆறு இந்தப் படுகைக்குத் திரும்பியது. உயரமான இடத்தில் விழும் மழையிலும் பனியிலும் கனமான ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு. ஏரியின் மேலே வானம் மாறவில்லை. தண்ணீரின் ஊர் மாறியது.

பின்விளைவு கீழ்ப்பக்க ஏரியிலும் தெரிகிறது. கோசியூட் நிரம்பி வழிந்த நீர் தெற்கே போனது. கோசியூட்டே வண்டலால் தூர்ந்தபின் மணலும் பின்தொடர்ந்தது. மேல் கண்மாயின் மறுகால் கீழ் கண்மாயின் வரத்து.

பிரித்தறியும் வழிகள்

களத்தில் கையாளும் சோதனைகள் இவை. ஒன்றை மட்டும் நம்பினால் தவறு நேரும்.

1. சுழற்சியின் தாளம். புவி அச்சின் தள்ளாட்டம் சுமார் 20,000 ஆண்டுக்கு ஒருமுறையும், சுற்றுப்பாதையின் நீள்வட்டம் சுமார் 1,00,000, 4,05,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வெயிலின் பங்கீட்டை மாற்றுகின்றன. படிவுத் தடிமனில் 1:5:20 என்ற விகிதத்தில் சுழற்சிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருந்தால் அது காலநிலை. பிராட்லி 1929-லேயே கிரீன் ரிவரின் ஆண்டுப் படலங்களை அளந்து, சுமார் 21,600 ஆண்டுச் சுழற்சி ஒன்றைக் காட்டினார். கதிரியக்கக் காலக்கணிப்பு அந்தப் பாறைகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், டிரையாசிக் காலத்து நியூவர்க் பிளவுப் படுகையில், 1990-களில் எடுத்த கிலோமீட்டர் கணக்கான பாறைத் துளைமாதிரிகளில் இந்த மூன்று தாளங்களும் அழகாக நிற்கின்றன.

இதில் எங்கே தவறும்? படிவு வேகம் சீராக இருந்தது என்று எடுத்துக்கொள்வதில். ஏரி வற்றிய காலத்தில் படிவே சேராது. சேர்ந்ததையும் காற்று அள்ளிப்போகும். மூன்றாம் வகை ஏரிகளில் இப்படித் தொலைந்த காலம் நிறைய. படலங்களை எண்ணுவதிலும் கவனம் வேண்டும்: ஒரே ஆண்டில் இரு வெள்ளம் வந்தால் இரு படலம். அதனால் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் உள்ள படிகங்களை ஆர்கான் முறையில் (கதிரியக்கத்தால் உள்ளே சேர்ந்த ஆர்கான் வாயுவை அளந்து) காலம் கணித்து, எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார்கள்.

2. பக்கத்துப் படுகை. காலநிலை மாறினால் அண்டை ஏரிகளும் ஒருசேர மாற வேண்டும். ஒன்று நன்னீராகி மற்றது உப்பாகவே இருந்தால், ஆறு திசைமாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரு படுகைகளிலும் ஒரே எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால் மட்டுமே இந்த ஒப்பீடு உறுதியாக நிற்கும்.

3. மணலின் பூர்வீகம். மணல்துகள்களின் கனிமங்கள், சிர்க்கான் படிகங்களின் வயது, ஸ்ட்ரான்சியம் விகிதம். லேனி பிரிவில் வழக்கை முடித்தவை இவைதாம்.

4. வடிவம். படிவு பிளவை நோக்கி ஆப்பு போலத் தடித்தால், அது சேரும்போதே பிளவு நகர்ந்திருக்கிறது. எங்கும் ஒரே தடிமன் என்றால் குழி முன்பே உருவாகி முடிந்திருக்கலாம்.

5. குலுங்கிய படலங்கள். சாக்கடலிலும் அதன் முன்னோடியான லிசான் ஏரியிலும் அரகோனைட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புக் கனிமமும் கரும் களிமண்ணும் மாறி மாறிக் கிடக்கும் ஒழுங்கான படலங்களுக்கு நடுவே, உடைந்து சுருண்டு கலங்கிய சில சென்டிமீட்டர்ப் பட்டைகள் வரும். நிலநடுக்கம் வந்தபோது இறுகாமல் இருந்த மேற்சேறு குலுங்கியதன் தடம் அது. கி.பி. 363, 1212, 1927 ஆகிய ஆண்டுகளின் நடுக்கங்கள் இப்படி அங்கே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. கவனிக்காவிட்டால் இந்தப் பட்டைகளைப் பெருவெள்ளம் என்று எழுதிவிடுவார்கள். மழைக்கணக்கில் ஒரு பொய் ஆண்டு ஏறிவிடும்.

பிரிக்க முடியாத இடம்

மழையும் நிலமும் ஒன்றையொன்று தொடாத இரண்டு தனிக் கைகள் அல்ல. மலை எழுந்தால் அதன் ஒரு பக்கம் மழை கூடும், மறுபக்கம் மழைமறைவாகும். இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததே. தலைகீழாகவும் நடக்கும் என்பதுதான் ருசியானது.

யூட்டாவின் பெரிய உப்பேரி, 2022 நவம்பரில் பதிவிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கிச் செய்தியானது. அதன் மூதாதை பான்வில் ஏரி. பனியூழியில் சுமார் 300 மீட்டர் ஆழத்துக்கு விரிந்திருந்தது. குளிர்ச்சியும் ஆவியாதல் குறைவும் ஒரு காரணம். அதற்கு முன்பே எரிமலைக் குழம்பு 'பேர்' (Bear) என்ற ஆற்றை வழிமறித்து இந்தப் படுகைக்குத் திருப்பிவிட்டது இன்னொரு காரணம். அந்த ஆறு இல்லாமல் பனியூழி மட்டும் வந்திருந்தால் ஏரி அந்த உயரத்தை எட்டியிருக்குமா என்பது சந்தேகமே. கடைசியில், சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், ரெட் ராக் கணவாயில் இருந்த மண்கலிங்கு அரித்து உடைந்தது. மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கி, அடிப்பாறையில் போய் நின்றது. பழைய கரைக்கோடுகளை மட்டும் பார்ப்பவருக்கு இது பெரும் வறட்சி போலத் தெரியும். உண்மையில் அப்போதும் ஏரி மறுகால் பாய்ந்துகொண்டுதான் இருந்தது.

கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1890-இல் வெளியிட்ட ஆய்வில் மேலும் ஒன்றைக் காட்டினார். அந்தக் கரைக்கோடுகள் இன்று ஒரே மட்டத்தில் இல்லை. ஏரியின் நடுவே இருந்த தீவுகளில் அவை விளிம்பில் இருப்பதைவிட உயரமாக இருக்கின்றன. தண்ணீரின் எடையில் நிலம் அமிழ்ந்திருந்தது. ஏரி வற்றியதும் மெல்ல எழும்பியது. நடுவில் அந்த எழுச்சி 70 மீட்டர் அளவு. காலநிலை நிரப்பிய தண்ணீர் குழியையே ஆழமாக்கியிருக்கிறது. இங்கே "எது நிலம், எது காலநிலை" என்ற கேள்விக்குச் சுத்தமான விடை கிடையாது.

இதனால் யாருக்கு என்ன?

எண்ணெய் தேடுபவர்களுக்கு ஏரியின் வகை தெரிவது நேரடிப் பணம். முதல் வகையில் தாவரக் குப்பை கலந்த மூலச்சேறு. மெழுகு மிக்க எண்ணெயும் எரிவாயுவும் வரும், மணல் டெல்டாக்கள் அதைத் தேக்கும். இரண்டாம் வகையில் மூலச்சேறு மிகச் செழிப்பு. மூன்றாம் வகையில் செழிப்பான சேறு உண்டு, ஆனால் மெல்லிய பட்டைகளாக. கிரீன் ரிவர் தொகுதியில் மூன்று பெரிய படுகைகளிலும் சேர்த்து 4 லட்சம் கோடி பீப்பாய்க்கு மேல் எண்ணெய்க்கு ஈடான கரிமப்பொருள் இருப்பதாக அமெரிக்க நிலவியல் ஆய்வகம் மதிப்பிட்டிருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எண்ணெய் அல்ல, இன்னும் வேகாத கெரோஜன். பாறையை நூற்றுக்கணக்கான டிகிரி சூடாக்கினால்தான் எண்ணெயாகும். 1982 மே 2-ஆம் தேதி எக்ஸான் நிறுவனம் கொலராடோவில் தன் பெருந்திட்டத்தைக் கைவிட்டதற்குக் காரணம் இந்தச் செலவுக்கணக்குதான். எண்ணெய்க் களிப்பாறை கைகொடுக்காத வயோமிங்கில், சத்தமில்லாமல் ட்ரோனாச் சுரங்கம் ஓடுகிறது. அமெரிக்கக் கண்ணாடித் தொழிலுக்கு வேண்டிய சோடா சாம்பலின் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது.

இந்தியாவிலும் இதற்கு உதாரணம் உண்டு. ராஜஸ்தானின் பார்மர் படுகை ஒரு பழைய பிளவுப் படுகை. அங்குள்ள எண்ணெயின் முக்கிய மூலம் பார்மர் ஹில் என்ற ஏரிப் படிவு. 2004-இல் கண்டுபிடிக்கப்பட்ட மங்களா வயலின் எண்ணெயில் மெழுகு மிக அதிகம். சாதாரண வெப்பநிலையில் உறைந்து நின்றுவிடும். அதனால்தான் குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கி.மீ. நீளக் குழாயை வழியெல்லாம் சூடாக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

நிலத்தட்டு இயக்கம் இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்பதற்குச் செவ்வாய்க் கோள் இருக்கிறது. கியூரியாசிட்டி ஊர்தி 2012-இல் இறங்கிய கேல் பள்ளம் விண்கல் மோதி உண்டானது. குழி ஒரே நாளில் தோண்டப்பட்டது. பிறகு பிளவுகள் அதைத் தொடர்ந்து இறக்கவில்லை. அங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்கு அடுக்கிய ஏரிச்சேறு, தரை இறங்கியதால் கிடைத்த இடத்தில் சேரவில்லை. நீர்மட்டமும் படிவும் சேர்ந்து மேலே ஏறிய இடத்தில் சேர்ந்தது. களிமண் அடுக்குகளுக்கு மேல் சல்பேட் உப்பு அடுக்குகள் வருவதை வறட்சி என்று வாசிக்க அங்கே நியாயம் கூடுதல், ஆற்றைத் திருப்பவோ கலிங்கை உயர்த்தவோ எழும் மலைத்தொடர்கள் அங்கே இல்லாததால். 2021-இல் பெர்சிவியரன்ஸ் இறங்கிய ஜெசிரோ பள்ளத்துக்கோ உள்ளே வரும் வாய்க்கால் மேற்கிலும், விளிம்பை உடைத்துக்கொண்டு வெளியேறும் வாய்க்கால் கிழக்கிலும் தெளிவாக இருக்கின்றன. ஒரு காலத்தில் அது நிரம்பி மறுகால் பாய்ந்தது என்பதற்கு அந்த உடைப்பே சான்று. எத்தனை ஆண்டுகள் பாய்ந்தது என்பதற்குத்தான் டெல்டாவின் அடுக்குகளைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.